சத்தியம் கேட்காதவர்

அவருடைய மேல்வரிசைப் பற்களில் பாதி கட்டியவை. சரியாகப் பொருந்தாததால் மெல்லும்போது குத்தும். அதனால் மதியம் சாப்பிட உட்கார்ந்ததும், யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அந்தப் பல்செட்டைக் கழற்றி, மெல்லிய தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். நான் அங்கே போன முதல் வாரம், எதிரில் உட்கார்ந்து நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஆண்ட்டி, பல்லு எங்க போச்சி?”

எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே பதில் சொன்னார்.

“ஆண்ட்டி முன்ன ஒரு கெட்ட மருந்து எடுத்தேன். ரொம்ப வருஷம் எடுத்தேன். அது பல்லைக் கெடுத்துடுச்சி.”

“இப்ப எடுக்குறீங்களா?”

“இன்னிக்கி எடுக்கல.”

சிறுமிக்கு அது போதுமானதாக இருந்தது. தலையாட்டிவிட்டு மறுபடியும் நூடல்ஸுக்குத் திரும்பினாள். எனக்குத்தான் அது போதவில்லை. ‘இப்போது எடுப்பதில்லை’ என்று முடித்திருக்கலாமே, ஏன் ‘இன்னிக்கி’ என்றார் என்று யோசித்துக்கொண்டே கோப்பைகளைக் கழுவினேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் அம்மாக்களுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. நான் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த நேரம். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று சர்ச்சில் அறிவித்தார்கள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகலாமே என்று போனேன். பிள்ளைகளுக்கான அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுந்தான். அங்கே பேசுவது எல்லாமே இங்கே கேட்கும்.

வகுப்பை நடத்தியவர் அவர்தான். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அங்கே யாரும் பெயரை வெளியில் கொண்டுபோவதில்லை என்பது ஏற்பாடு. அம்மாக்கள் அவரை அக்கா என்றார்கள். என்னைவிடப் பல வயது இளையவர்தான், ஆனாலும் நானும் அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார். குள்ளமான உருவம், ஒட்ட வெட்டிய முடி. இருபது வயதுப் பெண்ணாக இருந்தாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கீழே பட்டறையில் யாராவது எஞ்சினை முறுக்கினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி நான் கேட்டதேயில்லை.

புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணும் முதல் நாள் கிட்டத்தட்ட ஒன்றையேதான் சொல்வாள். “சத்தியமா அக்கா, இனிமே தொட மாட்டேன். என் புள்ள தலையில அடிச்சி சொல்றேன்.”

அவர் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். “புள்ள தலைய விடுங்க. இன்னிக்கி வந்துருக்கீங்கள்ல, உக்காருங்க.”

சிலருக்கு முகம் சுருங்கிப் போகும். புருஷனிடம், பெற்றவளிடம், நீதிபதியிடம், சாமியிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய சத்தியம் அது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்க மறுத்த ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

பிள்ளைகளிடமும் எதையும் பெரிதாகச் சொல்லாதீர்கள் என்பதுதான் அவருடைய முதல் பாடம். ஒருநாள் ஒரு பெண் சொன்னாள், “அடுத்த மாசம் லங்காவி கூட்டிட்டுப் போறேன்னு மககிட்ட சொல்லிட்டேன் அக்கா.”

“டிக்கெட் எடுத்தாச்சா?”

“இல்ல.”

“அப்பறம் ஏன் சொன்னீங்க?”

“அவ மூஞ்சி வாடிப்போச்சி அக்கா. என்னால பாக்க முடியல.”

“வாடுன மூஞ்சிய பாத்துக்கிட்டு பக்கத்துல உக்காரத்தான் இங்க படிக்க வந்துருக்கீங்க,” என்றார்.

தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாட வேண்டும். கட்டளை போடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, பிள்ளை சொன்னபடி கட்டையை அடுக்க வேண்டும். கோபம் கழுத்துவரை ஏறினால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். இப்படியெல்லாம் பாடங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கடினமானது ஒரே ஒரு வாக்கியம். ‘அம்மாவுக்கு வந்த நோய் உன்னால வந்தது இல்ல.’ இதைப் பிள்ளையிடம் சொல்வதற்கு முன் வகுப்பில் சொல்லிப் பழக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சொல்ல வராததால், ஜன்னலைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பிள்ளைகளுக்கு வண்ணக்குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அதே வாக்கியம் வேறு வேறு குரல்களில் பாதியிலேயே நின்றுபோவது கேட்கும்.

ஒரு சனிக்கிழமை ஓர் அம்மா வரவில்லை. பாட்டி கொண்டுவந்து விட்டுப் போயிருந்த அவளுடைய மகள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய், “வந்துடுவாங்க கண்ணு, உள்ள வா,” என்றேன். அக்கா என்னைத் தாண்டிப் போய், அவளுக்கு அடுத்த படியில் உட்கார்ந்தார்.

“வருவாங்களான்னு எனக்குத் தெரியாது. வரலைன்னா வகுப்பு முடிஞ்சதும் உன்ன பாட்டி வீட்டுல கொண்டுபோய் விடுவேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.”

சிறுமி அழுதாள். அவர் அணைக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. வகுப்பில் மற்ற பெண்கள் காத்திருக்க, அழுது முடியும்வரை அங்கேயே இருந்தார். இந்தப் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறதா என்றுகூட எனக்கு அன்று தோன்றியது.

அவரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் தடுப்பு வழியாகக் கேட்டதுதான். ஒரே ஒரு தடவை வகுப்பில் சொன்னார். நான் வேலை பார்த்த அதே தொழிற்பேட்டையில் அவரும் இரவு வேலை பார்த்திருக்கிறார். தூக்கம் வராமல் நிற்பதற்காக யாரோ கொடுத்த சியாபு என்ற போதைப்பொருளில் தொடங்கியிருக்கிறது. மகனைக் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருந்த தங்கையிடம் விட்டுவிட்டார்.

“சனிக்கிழம வர்றேன்னு போன்ல சொல்லுவேன். சொல்றப்ப உண்மையாத்தான் சொல்லுவேன். அவன் குளிச்சி, பவுடர் போட்டு, கால்ல சப்பாத்து மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். அப்படியே தூங்கிடுவானாம். தங்கச்சி ஒருநாள் சொன்னா, ‘வராட்டி பரவால்ல, வர்றேன்னு மட்டும் சொல்லாத’ன்னு. அன்னிக்கி எனக்கு அவமேல கோவந்தான் வந்துச்சி.”

மீன் விலை சொல்வது போலத்தான் இதையும் சொன்னார். பிறகு பாடத்துக்குப் போய்விட்டார்.

மகன் வளர்ந்து, பெருநிலத்திலேயே பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே சின்னம்மாவோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் ஃபெரியில் கடந்து பேருந்து பிடித்து அங்கே போய் வருவார். மகன் பேசுவானா என்று ஒருமுறை கேட்டேன். “சாப்பிடறப்ப கூட இருப்பான்,” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

தேவி வந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் பெயரையும் மகள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இருபத்தைந்தைத் தாண்டியிருப்பாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். ஆறு வயது மகள் யாழினி பாயான் பாருவில் மாமியாரிடம் வளர்ந்தாள். மாமியார் சனிக்கிழமைகளில் பேத்தியைக் கூட்டிவந்து மேலே அனுப்பிவிட்டு, கீழே பட்டறை ஓரத்தில் காத்திருப்பார். மாடி ஏறி வரமாட்டார்.

முதலில் யாழினி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவே மாட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள் தன் காலை அம்மாவின் மடிமேல் நீட்டிக்கொண்டு படம் வரைந்தாள். தேவி அன்று முழுக்க அசையாமல் இருந்தாள்.

வார இறுதிகளில் பிள்ளையை அம்மாவோடு விடலாமா என்று முடிவு செய்ய நலத்துறை அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரப் பெண்மணி, நல்ல மாதிரி. நாங்கள் புவான் என்று அழைத்தோம். அன்று மாமியாரும் மாடி ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்தார். யாழினியை அறையில் விட்டுவிட்டு நான் கதவோரம் நின்றேன். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. புவான் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அக்காவிடம் கேட்டார்.

“இவங்கள நல்லாத் தெரிஞ்சவங்க நீங்கதான். திரும்ப அந்தப் பழக்கத்துக்குப் போக மாட்டாங்கன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?”

தேவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியாது, புவான்,” என்றார். “யாராலயும் முடியாது. என்னைப் பத்தியே என்னால சொல்ல முடியாது.”

பிறகு தான் பார்த்ததைச் சொன்னார். ஒருநாள் யாழினி ஆத்திரத்தில் மைலோ கோப்பையை அம்மாவின் சட்டைமேல் வீசினாள். தேவியின் கை ஓங்கியது. ஓங்கிய கையை இறக்கி, இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு சீரானதும் எழுந்து தரையைத் துடைத்தாள். “இத நான் பாத்தேன். பாத்தத சொல்ல முடியும்,” என்று முடித்தார்.

இன்னும் சில மாதங்கள் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் புவான் கிளம்பினார். மாமியார் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தேவி படியில் நின்றபடியே கத்தினாள்.

“ஒரு வார்த்த அக்கா! ஒரே ஒரு வார்த்த சொன்னா என்னா? நீங்கல்லாம் பெத்தவளா?”

“தெரியாதத எப்படி சொல்றது, தேவி?”

தேவி போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. வேறு சிலரும் வரவில்லை. வந்தவர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா, அக்கா. புள்ளைக்காக.”

“பொய் எனக்கு நல்லாவே வரும் அக்கா,” என்றார். “பல வருஷப் பழக்கம்.” அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா, வார நாட்களில் தான் பார்த்துவந்த வேலை முடிந்து போகும் வழியில் தேவியின் அடுக்குமாடிக்குப் போக ஆரம்பித்தார். தேவி கதவைத் திறக்க மாட்டாள். “நான்தான். வந்துட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டு, இரும்புக் கதவில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றை மாட்டிவிட்டு இறங்கிவிடுவார். நாளைக்கு வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதை எனக்குச் சொன்னது அதே மாடியில் குடியிருந்த இன்னொரு அம்மா. அக்கா சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவருடைய கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு மேடைமேல் வைத்தார்.

“அக்கா.” தேவியின் குரல். “நேத்து எடுத்துட்டேன்.”

அவர் குழாயை மூடினார்.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்.”

“புள்ள?”

“மாமிகிட்ட.”

“மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“நான் வந்தா கதவத் தொறப்பீங்களா?”

“தொறக்குறேன்.” பிறகு அழுகையோடு சொன்னாள். “அம்மாவுக்குப் போன் பண்ண முடியலக்கா. மாமிக்கும் முடியல. எல்லார்கிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேன். உங்ககிட்ட மட்டுந்தான் பண்ணல. நீங்கதான் வாங்கிக்கலயே.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, காடி இருக்குலா?” என்றார் என்னிடம்.

என் காரில்தான் போனோம். நான் வெளி நடையில் நின்றேன். கதவு உடனே திறந்தது. உள்ளே கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் மட்டும் கேட்டது, கொஞ்சம் கழித்து இன்னொரு முறையும் கேட்டது. தேவி தலையைக்கூட வாராமல் வெளியே வந்து, பின் இருக்கையில் உட்கார்ந்தாள். கிளினிக்குக்குப் போகும் வழியில், “திட்டுங்கக்கா,” என்றாள்.

“பெல்ட்டு போடுங்க,” என்றார் அவர்.

நடந்ததைத் தேவியே மாமியாரிடம் சொன்னாள், புவானிடமும் அவளே சொன்னாள். இவர் கூடப் போய் உட்கார்ந்திருந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. மாமியார் ஒரு மாதம் பேத்தியை அனுப்பவில்லை. தேவி அந்த மாதம் முழுக்கப் பிள்ளை இல்லாமலே வகுப்புக்கு வந்தாள். மற்ற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் சொன்னபடி கட்டை அடுக்கினாள்.

யாழினி திரும்ப வந்த நாளில், தேவி என் அறைக்குள்ளேயே வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை.

“யாழினி, அம்மாவுக்கு வந்த நோய் உன்னால வந்தது இல்ல.”

பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அப்ப யாரால வந்துச்சி?”

இதற்கு வகுப்பில் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் கதவில் சாய்ந்து, உதவிக்கு வராமல் நின்றார்.

“அம்மாதான் எடுத்தேன்,” என்றாள் தேவி. “எடுத்த பின்னாடி நிறுத்த முடியல. இப்ப நிறுத்தக் கத்துக்குறேன்.”

“எங்க?”

“இங்கதான். பக்கத்து ரூம்ல.”

யாழினி தடுப்பைப் பார்த்தாள். அம்மாவும் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஹோம்வொர்க் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றாள் தேவி.

சில மாதங்கள் கழித்துப் புவான் மறுபடியும் வந்தார். இந்த முறை அந்தக் கேள்வியைத் தேவியிடமே கேட்டார். தேவி எழுந்து நின்றாள், யாரும் நிற்கச் சொல்லவில்லை.

“நான் உறுதி சொல்ல மாட்டேன், புவான். ஒருதடவ விழுந்தேன். மறுநாளே போன் பண்ணிட்டேன். இனிமே விழப்போற மாதிரி இருந்தா, முதல்ல புள்ளைய மாமிகிட்ட விடுவேன், அப்பறம் அக்காவுக்குப் போன் பண்ணுவேன். அது என்னால முடியும்.”

புவான் அக்காவைத்தான் பார்த்தார். ஆனால் பேசியது மாமியார். இரண்டு கூட்டங்களிலும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மலாயில் தொடங்கி, வராமல், தமிழுக்கே மாறினார்.

“எந்நேரமா இருந்தாலும் கொண்டாந்து விடு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்.”

அதைப் புவானுக்கு மலாயில் எடுத்துச் சொல்லும்போது அக்காவின் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. நான் கேட்ட ஒரே தடுமாற்றம் அது. கீழே எஞ்சின் சத்தம் எதுவும் இல்லை.

முதலில் சனிக்கிழமை இரவு மட்டும் என்றார்கள். பிறகு வார இறுதி முழுவதும். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கியபோது யாழினி அம்மா வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போனாள். எனக்குத் தெரிந்தவரை தேவி நன்றாக இருக்கிறாள். எனக்குத் தெரிந்தவரை என்று மட்டும்தான் எழுத முடியும்.

கொஞ்ச காலத்தில் பட்டறைக்காரர் மாடியைத் திரும்பக் கேட்டுவிட்டார். வகுப்பு வேறு இடத்துக்குப் போனது. எனக்கு முட்டிவலி வந்து நானும் நின்றுவிட்டேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. நான் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அக்கா பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். எவ்வளவோ மறுத்தார். பிறகு ஏறிக்கொண்டார். இரண்டாவது பாலத்தின் வழியாகப் பத்து காவானுக்குப் போனோம். பாலம் முழுக்க அவர் கடலைப் பார்க்கவில்லை.

புதிதாக எழும்பிய வீடமைப்பில் வரிசை வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொன்னார். தங்கை வெளியே வந்து துண்டை நீட்டினார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நேராகச் சமையலறைப் பக்கம் போய்விட்டார். என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. குடையோடு என் கார் அருகே வந்தது மகன். முப்பதை நெருங்கும் வயது. அம்மாவின் அதே குள்ள உருவம்.

என்ன பேசுவது என்று தெரியாமல், “மழையில வரமாட்டாங்கன்னு நெனச்சிருப்பீங்க, தம்பி,” என்றேன்.

“வருவாங்களா மாட்டாங்களான்னு எங்களுக்கு எப்பவுமே தெரியாது, ஆண்ட்டி. சொல்ல மாட்டாங்க. நாங்களும் கேக்கறதில்ல.” குடையைக் கார்க் கதவுக்கு மேலே பிடித்தான். “ஞாயித்துக்கிழமன்னா அவங்களுக்கும் சேத்துத்தான் சோறு வைப்போம்.”

நான் கிளம்புவதற்குச் சாவியைத் திருப்பினேன். அவன் நகரவில்லை.

“எறங்குங்க ஆண்ட்டி. உங்களுக்கும் பத்தும்.”